வீட்டுக்கு 70 மீட்டர் கயிறு: பெருவின் புல் பாலம், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மார்ச் மாதம், பெரு நாட்டின் தென்பகுதியில் அபுரிமாக் ஆற்றின் குறுக்கே தொங்கிய புல் பாலம் ஒன்று அறுந்து விழுந்தது. ஆண்டுதோறும் ஜூனில் அதைப் புதிதாக நெய்து கட்டுவது வழக்கம். 2020-ல் கொரோனா காரணமாக ஊர்கள் கூட முடியவில்லை, பாலத்தை யாரும் நெய்யவில்லை. ஒரே ஓர் ஆண்டு கை படாமல் இருந்ததில் கயிறுகள் இற்றுப்போய்விட்டன. மூன்று மாதம் கழித்து, அந்த ஜூனில், நான்கு ஊர் மக்களும் கூடி அதைத் திரும்பவும் கட்டினார்கள்.

பாலத்தின் பெயர் கெஸ்வாச்சாக்கா. கெச்சுவா மொழியில் 'கெஸ்வா' என்றால் திரித்த கயிறு, 'சாக்கா' என்றால் பாலம். குஸ்கோ பகுதியில், கானாஸ் மாகாணத்தின் கெவே மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 28 மீட்டர், அகலம் 1.20 மீட்டர். ஆணி இல்லை, கம்பி இல்லை. இரு கரையிலும் பழைய கல் அடித்தளம், நடுவில் புல். அவ்வளவுதான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொறியியல் அதிசயம் என்றோ, ஸ்பானியர் வருமுன் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களின் காலத்து மிச்சம் என்றோ எழுதுகிறார்கள். இரண்டும் சரிதான். நான் இதை எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்யும் கூட்டு நெசவுப் படைப்புகளில் எனக்கு ஈடுபாடு உண்டு, சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட வேலைகளில் 'பங்கேற்பு' என்ற சொல்லை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லுக்கு முழு எடை கொடுக்கும் ஒரு படைப்பைத் தேடிப் போனபோதுதான் இந்தப் பாலத்தில் வந்து நின்றேன். அந்த ஊர்க்காரர்கள் இதைக் கலை என்று அழைப்பதில்லை. அப்படி அழைப்பது என் பொறுப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புல்லிலிருந்து கயிறு

ஹுவின்சிரி, சௌப்பிபண்டா, சொக்காய்ஹுவா, கொல்லானா கெவே. இந்த நான்கு ஊர்களும் சேர்ந்தே பாலத்தைப் புதுப்பிக்கின்றன. எல்லோரும் கெச்சுவா பேசும் விவசாயக் குடும்பத்தினர். வேலை ஜூனில் தொடங்குவதாக வெளியாட்களுக்குத் தோன்றும். உண்மையில் அதற்கு வெகு முன்பே வீட்டு முற்றங்களில் தொடங்கிவிடுகிறது.

கோயா என்னும் ஒரு மலைப்புல்லை அறுத்து வருகிறார்கள். ஆண்டிஸ் மேட்டு நிலங்களில் காணப்படும் இச்சு வகைப் புற்களில் ஒன்று இது, உறுதியான, விறைப்பான தாள். அதைக் கல்லால் தட்டி நசுக்கி, தண்ணீரில் ஊற வைத்துப் பதமாக்குவார்கள். பதம் வந்த புல்லை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டித் திரித்தால் மெல்லிய கயிறு வரும். அதுதான் கெஸ்வா. பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை.

ஒரு குடும்பத்தின் பங்கு ஏறத்தாழ 70 மீட்டர். கையை அகல விரித்து அளக்கும் அளவைப் பாகம் என்போமே, அந்தக் கணக்கில் சுமார் நாற்பது பாகம்.

கயிறு திரிப்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும், மற்றவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு புல்லின் நீளம் ஒரு முழம், இரண்டு முழம். அதிலிருந்து 70 மீட்டர் எப்படி வரும்? ஒரு பிடி புல்லை ஒரு திசையில் முறுக்குவது ஒரு புரி. அதேபோல் இன்னொரு புரி. இப்போது இரண்டு புரிகளையும் ஒன்றோடொன்று எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் ஒன்று அவிழப் பார்த்தால், அந்த அசைவே இரண்டையும் இன்னும் இறுக்கமாகச் சுற்றிவிடும். இரண்டின் விடுபடும் ஆசையே இரண்டையும் கட்டிப்போடுகிறது. ஒரு புல் தீரப்போகும் இடத்தில் புதுப் புல்லை நடுவில் செருகித் திரித்துக்கொண்டே போவார்கள். எல்லாப் புல்லும் ஒரே இடத்தில் முடியாதபடி முனைகள் முன்பின்னாக விழும். முடிச்சே இல்லாமல் கயிறு நீண்டுகொண்டு போகும். இழுக்க இழுக்கப் புற்கள் ஒன்றையொன்று நெருக்கும், உராய்வு கூடும், பிடி இறுகும். பசையும் இல்லை, கட்டும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அழுந்துவதுதான் முழு வலிமையும்.

இந்த முறையை வகுப்பறையில் யாரும் கற்றுத் தருவதில்லை. வீட்டுக்குள்ளேயே பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறது. சிறுமி ஒருத்தி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரிக்கும் சில பாகம் கயிறும் அதே 70 மீட்டருக்குள்தான் சேரும்.

மூன்று நாள்

முதல் நாள் சடங்கோடு தொடங்கும். சடங்கு நடத்துபவர் மண் அன்னைக்கும் மலைத் தெய்வங்களுக்கும் கோக்கா இலை, சோளம் முதலியவற்றைப் படைத்து அனுமதி கேட்பார். அபுரிமாக் என்ற பெயருக்கே 'பேசும் தெய்வம்' என்றுதான் பொருள். அதன் மேல் வேலை செய்யப் போகிறவர்கள் முதலில் அதனிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வீடுகளிலிருந்து வந்த கயிறுகளைச் சேர்ப்பார்கள். நீளவாட்டில் விரித்துப் போட்டு, பல மெல்லிய கயிறுகளை ஒன்றாக முறுக்கி நடுத்தரக் கயிறாக்குவார்கள். அந்த நடுத்தரக் கயிறுகளைச் சடை பின்னுவதுபோல் பின்னினால் வடம். மொத்தம் ஆறு வடங்கள்: நான்கு தரைக்கு, இரண்டு கைப்பிடிக்கு. ஒரு கூட்டம் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, இன்னொரு கூட்டம் மறுமுனையை இழுக்க, நடுவில் பின்னல் இறுகும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, இங்கே இழுக்கப் போகும் வடத்தையும் ஊரே கூடித் திரிக்கிறது.

இரண்டாம் நாள் வடங்களைப் பள்ளத்தாக்கின் குறுக்கே இழுத்து, கல் அடித்தளங்களில் சுற்றிக் கட்டுவார்கள். இதுதான் மிகவும் கடினமான கட்டம். ஈரமும் எடையும் சேர்ந்த வடம், நடுவில் தொய்யும். அதிகம் தொய்ந்தால் நடக்க முடியாது. மிகவும் விறைப்பாக இழுத்தால் வடத்தின் மேல் விழும் இழுவிசை கூடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான தொய்வைக் கண்ணளவிலும் கையளவிலும் பிடிக்கத் தெரிந்தவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் இழுப்பார்கள். பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். அது வெறும் புல். மிதந்து போய், ஊறி, மட்கிவிடும்.

மூன்றாம் நாள்தான் வெளியாட்கள் படம் எடுக்கும் நாள். பாலம் கட்டும் ஆசான்களைச் சாக்காருவாக் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு கரையாக இரண்டு ஆசான்கள், பள்ளத்துக்கு மேலே வடங்களின் மீதே உட்கார்ந்து, தரை வடங்களையும் கைப்பிடி வடங்களையும் மெல்லிய கயிற்றால் வரிசையாகப் பிணைத்துக்கொண்டே நடுவை நோக்கி நகர்வார்கள். நெசவாளர் கண்ணுக்கு இது அப்படியே தறிதான். ஆறு வடங்கள் பாவு, அதாவது நீளவாட்டு நூல்; பக்கவாட்டுப் பிணைப்பு ஊடை, அதாவது குறுக்கு நூல். தறிக்குப் பதில் பள்ளத்தாக்கு, விறைப்புக் கொடுப்பது இரண்டு மலைச்சரிவுகள். இருவரும் நடுவில் சந்திக்கும்போது நெசவு முடிகிறது. தரையில் பரப்ப ஒரு விரிப்பு, அதோடு பாலம் தயார். அடுத்தது திருவிழா.

எது கலை, எங்கே பங்கேற்பு

ஒரு காலத்தில் இந்தப் பாலம் வேண்டியிருந்தது. இன்காக்களின் சாலைத் தொகுதி 30,000 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளது, 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவர்களிடம் சக்கர வண்டி இல்லை. மனிதரும் லாமா என்னும் சுமை விலங்குகளும் நடந்து கடக்க, ஆழமான பள்ளங்களின் மேல் கயிற்றுப் பாலங்கள் போதுமானவையாக இருந்தன. பாலங்களைப் பழுது பார்ப்பது பக்கத்து ஊர்களின் உழைப்புக் கடமை. கல் வளைவுப் பாலங்களுக்குப் பழகியிருந்த ஸ்பானியர்கள், தொங்கி ஆடும் இந்தப் பாலங்களில் கால் வைக்க அஞ்சியதை அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. நூலிலேயே சிந்தித்த சமூகம் அது. கணக்கை முடிச்சுகளாக நூலில் வைத்தார்கள், நெய்த துணியைத் தங்கத்துக்கும் மேலாக மதித்தார்கள், ஆற்றையும் நூலாலேயே கடந்தார்கள்.

இப்போது கெஸ்வாச்சாக்காவுக்குச் சற்றுத் தள்ளி வண்டிகள் போகும் நவீனப் பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க மட்டும் என்றால் யாரும் புல் திரிக்க வேண்டியதில்லை. 2013-ல் யுனெஸ்கோ இந்தப் புதுப்பிப்பு மரபை மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த ஊர்கள் இதைப் போக்குவரத்து வழியாக மட்டும் பார்ப்பதில்லை, தங்களுக்குள் உறவை வலுப்படுத்தும் வழியாகவே கருதுகிறார்கள் என்று குறிப்பிட்டது. தேவை விலகிய பிறகும், பொருளுக்காக அல்லாமல் செய்யும் செயலுக்காகவே ஒன்றைத் தொடர்வது. நான் இதைக் கலை என்று சொல்வது இந்த இடத்தில்தான்.

சரி, பங்கேற்பு? இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் பெரிய மரச் சட்டத்தில் பாவு கட்டி வைத்தோம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு துணிக்கீற்றையோ நாரையோ கோத்துவிட்டுப் போகலாம். மூன்று நாளில் நூற்றுக்கணக்கான கைகள் பட்டன. குழந்தைகள், முதியவர்கள், அவசரமாகப் போகிறவர்கள், எல்லோரும். கடைசி இரவு, காட்சிக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று, கோணலாக விழுந்த பகுதிகளை நாங்களே பிரித்து மறுபடி கோத்தோம். படைப்பு அழகாக வந்தது. மறுநாள் ஒரு பாட்டி தன் பேரனோடு வந்து, அவன் கோத்த மஞ்சள் நாரைத் தேடினார். அது அங்கே இல்லை. அந்த நாரை எடுத்ததில் சட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவன் கை பட்டதோ படாததோ, அந்தப் படைப்புக்கு எந்த வேறுபாடும் இல்லை.

கெஸ்வாச்சாக்காவில் அப்படி இல்லை. ஒரு வீட்டின் 70 மீட்டர் வராவிட்டால் வடத்தில் அத்தனை புரி குறையும். அந்த வடத்தின் மேல் மனிதர் நடக்கப் போகிறார்கள். வீட்டின் பங்கு அடையாளத்துக்கு வைத்தது அல்ல, எடை தாங்குவது. கூட்டு நெசவு ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் இனி நான் கேட்கப் போவது இது ஒன்றைத்தான்: ஒருவர் கொடுத்ததை உருவிவிட்டால் படைப்பு தளருமா?

இதோடு சேர்ந்த இன்னொன்று. பொதுவாகக் கூட்டுப் படைப்புகளில் பங்கேற்பவர்களிடம் 'உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்' என்போம். அது மரியாதை என்று நினைக்கிறோம். இந்த ஊர்களில் யாரும் விருப்பம்போல் திரிப்பதில்லை. கயிற்றின் பருமன், முறுக்கு, நீளம் எல்லாம் முன்பே தெரியும். தளர்ந்த முறுக்கு இருந்தால் அது எல்லோருக்கும் ஆபத்து. அதனால் சீரான வேலை கேட்கப்படுகிறது, எல்லோரிடமும் கேட்கப்படுகிறது. உன்னால் இது முடியும், உன் கயிற்றை நம்பி நான் நடப்பேன் என்று ஒருவரிடம் சொல்வது, விருப்பம்போல் செய் என்பதைவிடப் பெரிய மரியாதை என்றே எனக்குப் படுகிறது. வடத்துக்குள் போன பிறகு எந்தக் கயிறு எந்த வீட்டுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், தங்களுடையது உள்ளே இருக்கிறதென்று.

எல்லோரும் எல்லா வேலையும் செய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திரிப்பது எல்லா வீட்டுக்கும் வரும். வடம் இழுக்க உடல் பலம் போதும். பிணைப்பது மட்டும் ஆசான்கள் வேலை, அது தலைமுறையாக வரும் தேர்ச்சி. எளிய வேலை பரந்து கிடக்கிறது, அரிய வேலை ஒரு சிலரிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று நிற்காது. ஆசானுக்குக் கயிறு வீடுகளிலிருந்துதான் வர வேண்டும்.

இற்றுப்போவதன் பயன்

ஏன் ஒவ்வோர் ஆண்டும்? மேட்டு நிலத்து வெயில் புல்லின் நாரை நொறுக்கும். நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை நீளும் மழை அதை ஊற வைக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, அடுத்த ஆண்டுக்குள் நம்பிக்கை வைக்க முடியாத நிலைக்கு வந்துவிடும். ஜூன் மழையில்லாத மாதம், அதனால் வேலைக்கு அது ஏற்றது.

நைலான் கயிறு வாங்கிக் கட்டினால் பல ஆண்டு நிற்கும். ஆனால் அப்போது நான்கு ஊர்களும் கூட வேண்டிய கட்டாயம் போய்விடும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை கூடினால், கடைசியாகப் பின்னியபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அடுத்த முறை இருபது. நடுவில் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஓராண்டுதான் ஆயுள் என்பதால், இருபது வயதுக்குள் ஒருவர் இதைப் பத்து முறை செய்துவிடுகிறார். பொருள் நிலைக்காததால்தான் கைத்திறன் நிலைக்கிறது. இயற்கைப் பொருள்களைப் பயன்படுத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் நெசவுக் கலைஞர்கள் பலர், முடித்ததும் அது மட்காமல் இருக்க மேல்பூச்சு அடிக்கிறார்கள். நானும் அடித்திருக்கிறேன். மட்குவது அந்தப் பொருளின் குறை என்று நினைத்த காலம் அது.

2020-2021 நிகழ்வு இதை உறுதிப்படுத்தியது. பாலம் விழுந்தது, திறமை விழவில்லை. ஓராண்டு விட்டுப்போனாலும் எல்லோர் கையிலும் வேலை அப்படியே இருந்தது. மாறாகப் பாலம் நின்று, திறமை போயிருந்தால் இன்று அங்கே இருப்பது அருங்காட்சியகப் பொருள்.

குறைகள்

இந்த ஆய்வு பாராட்டு மடலாகிவிடக் கூடாது. பெண்கள் பாலத்தின் மேல் வேலை செய்யக் கூடாது என்பது வழக்கம். வந்தால் விபத்து நேரும் என்ற நம்பிக்கை. அவர்கள் ஆற்றின் விளிம்பிலிருந்து தள்ளி, மேலே உட்கார்ந்து கயிறு திரிக்கிறார்கள். அந்தப் பாலத்தில் இருக்கும் முறுக்கில் பெரும்பகுதி பெண்கள் கையிலிருந்து வந்தது. படங்களிலோ பள்ளத்தின் மேல் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னும் ஆண்கள் மட்டும்தான். அவர்களின் மரபை வெளியிலிருந்து திருத்த நான் யார் என்ற தயக்கம் எனக்கு உண்டு. இருந்தாலும், இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும் நாம் இந்தப் பகுதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறைந்தபட்சம், இதைப் பற்றி எழுதும்போது முதல் படமாகத் திரிக்கும் கைகளை வைக்கலாம்.

இரண்டாவது, பார்வையாளர்கள். பெரு அரசு 2009-ல் இதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு பயணிகள் வருகிறார்கள், வருமானமும் வருகிறது. வருமானம் வேண்டியதுதான். ஆனால் மூன்றாம் நாளைப் பார்க்க வருகிறவர்களுக்கு, முற்றத்தில் உட்கார்ந்து புல் நசுக்கும் வாரங்கள் கண்ணில் படாது. கண்ணில் படுவதே முக்கியம் என்று ஆகிவிட்டால், எடை இடம் மாறும். அந்த அபாயம் எந்தக் கூட்டுப் படைப்புக்கும் உண்டு.

எடுத்துச் செல்ல முடிந்தது, முடியாதது

இதை வேறு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இன்காக் கயிற்றுப் பாலங்களை ஆராய்ந்த ஜான் ஆக்சென்டார்ஃப் என்ற பேராசிரியரோடு சேர்ந்து மாணவர்கள் கற்றாழை வகையான சிசல் நாரில் ஒரு பாலத்தைத் திரித்துக் கட்டினார்கள். 2015-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் நடத்தும் நாட்டார் கலை விழாவில், கெஸ்வாச்சாக்கா ஊர்க்காரர்களே வாஷிங்டன் வந்து புல்வெளியில் ஒரு பாலம் நெய்தார்கள். இரண்டும் நல்ல முயற்சிகள். கயிற்றின் கணக்கும் பின்னலின் முறையும் அவற்றால் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. திரித்துப் பார்த்த மாணவர், உராய்வு என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாத விதத்தில் உள்ளங்கையில் உணர்ந்திருப்பார்.

எடுத்துச் செல்ல முடியாதது அடுத்த ஜூன். அந்தப் பாலங்களுக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் நம் கயிற்றை எதிர்பார்த்திருக்கிறார் என்ற நிலை அங்கே உருவாக வழியில்லை. நுட்பம் பயணம் செய்யும், கடப்பாடு செய்யாது. ஆகவே இதை அப்படியே நகலெடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். புல் பாலம் அந்தப் பள்ளத்துக்கும் அந்த நான்கு ஊர்களுக்கும் உரியது.

எங்கள் குழுவில் இதை வைத்துப் பல மாலைகள் பேசினோம். அடுத்த கூட்டு நெசவை வேறு மாதிரி அமைப்பதென்று முடிவு. போகிற வருகிறவர்கள் என்றில்லாமல் முப்பது குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு, ஒரே பருமன், ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவது. அந்தக் கயிறுகளே ஒரு நிழற்பந்தலின் பாவு. ஒரு குடும்பம் தராவிட்டால் அந்த இடத்தில் வெயில் விழும், நாங்கள் அதை இட்டு நிரப்பமாட்டோம். மேல்பூச்சு கிடையாது. ஓராண்டு முடிந்ததும் அவிழ்த்து மண்ணில் போட்டுவிட்டு அதே குடும்பங்களோடு மறுபடி தொடங்குவது. பேரனோடு வந்த அந்தப் பாட்டியைத் தேடிப் பிடித்துக் கேட்டோம், அவருடையதுதான் முதல் வீடு. நார் இப்போது தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது.